தாய்வீடு வரும் பங்குனி ஆமை

நெய்வேலியை அடுத்த முத்தாண்டிக்குப்பத்தில், பெயரில் குப்பம் இருக்கிறது, கடல்தான் இல்லை! முந்திரித் தோப்பும் பலாமரமும் இருக்கின்றன. அலையைப் பார்க்க வேண்டுமானால் கடலூருக்குப் பஸ் ஏற வேண்டும். "கடலைக் காப்பாற்றுகிற சமாசாரம் எங்களுக்கு எதற்கு?" என்று அந்த ஊர்ச் சகோதரி ஒருத்தி கேட்டால், அது நியாயமான கேள்விதான்.

ஆனால் சற்று யோசித்துப் பாருங்கள். பண்ருட்டி வழியே ஓடும் கெடிலம் எங்கே போகிறது? கடலூரில் கடலோடு கலக்கிறது. நெய்வேலிச் சுரங்கத் தண்ணீரையும் வாங்கிக்கொண்டு செல்லும் பரவனாறும் அந்தக் கடலைத்தான் நாடுகிறது. நாம் வாய்க்காலில் வீசுகிற பிளாஸ்டிக் பையும் மழை வந்தால் அதே பிரயாணத்தைத்தான் மேற்கொள்கிறது. கடல் நம் கொல்லைப்புறத்திலேயே ஆரம்பமாகிவிடுகிறது, நேயர்களே!

அந்தக் கடலிலிருந்து வருஷந்தோறும் ஒரு விருந்தாளி நம் கரைக்கு வருகிறாள். பங்குனி ஆமை என்று பெயர். பெண்கள் பிரசவத்துக்குத் தாய்வீடு வருவதுபோல், இவளும் தான் பிறந்த கரைப் பக்கமே திரும்பி வருகிறாள். தை பிறக்கும் சமயத்திலிருந்து பங்குனி வரை, நடு இரவில் மணலேறி, பின்கால்களால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, நூறு முட்டைக்குமேல் இடுவாள். மணலை மூடிவிட்டுத் திரும்பிப் பாராமல் கடலுக்குப் போய்விடுவாள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் பாட்டி கிடையாது; நாயும் நரியும், முட்டை தோண்டும் மனிதர்களுந்தான் உண்டு.

அந்தப் பாட்டி வேலையைச் சென்னை மாணவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1988-ல் தொடங்கிய அவர்கள் குழுவுக்கு 'ஸ்டூடண்ட்ஸ் ஸீ டர்ட்டில் கன்ஸர்வேஷன் நெட்வொர்க்' என்று நீண்ட பெயர். வேலையோ எளியது: நடப்பது! பருவம் முழுவதும், ஊர் உறங்கும் நேரத்தில், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய 7 கிலோமீட்டர் மணலில் நடக்கிறார்கள். சம்பளம் இல்லை, மறுநாள் காலை காலேஜும் ஆபீசும் காத்திருக்கும்.

ஆமை ஊர்ந்த தடம் தெரிந்தால் அதைப் பின்பற்றிக் குழியைக் கண்டுபிடிக்கிறார்கள். முட்டைகளைப் பதனமாகப் பையில் எடுத்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் குழி செய்து புதைக்கிறார்கள். சுமார் 45 நாளில் உள்ளங்கையில் அடங்கும் குஞ்சுகள் மணலைக் கிளறிக்கொண்டு வெளிவரும். அவற்றுக்கு வெளிச்சம் எந்தப் பக்கமோ அதுவே கடல். நம் தெருவிளக்குகளைக் கண்டு அவை ஏமாந்து, சாலைப் பக்கம் போய் மடிவதுண்டு. ஆகவே தொண்டர்கள் அவற்றை நீரருகே விட்டு, அலை வாங்கிக்கொள்ளும் வரை காவல் நிற்கிறார்கள்.

இன்னொரு விசித்திரம்: குஞ்சு ஆணா, பெண்ணா என்பதை மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது. சூடு அதிகமானால் பெண் குஞ்சுகளே பெருகும். உலகம் சூடேறிவருகிற இந்நாளில், பொரிப்பகத்துக்கு நிழல் தருவதுகூட முக்கியமான காரியமாகிவிட்டது.

இத்தனை செய்தும் ஆயிரத்தில் ஒன்றுதான் வளர்ந்து தாயாகும் என்பார்கள். அந்த ஒன்றுக்கும் ஆபத்து காத்திருக்கிறது. 2025 ஜனவரியில் சென்னையிலும் சுற்றுவட்டாரக் கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கின. ஆமைக்கு நம்மைப்போல மூச்சு வேண்டும். விசைப்படகின் இழுவை வலையில் சிக்கினால், மேலே வர முடியாமல் மூச்சு முட்டிச் சாகும்.

'பின் எதற்கு இந்த ராத்திரி நடை?' என்று மனசு சோர்கிறதல்லவா? இரவுதோறும் கரையில் நடப்பவர்கள் இருந்ததால்தான், இறந்த ஆமைகளுக்குக் கணக்கு இருந்தது. பத்திரிகைகள் எழுதின, பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே விஷயத்தைக் கையில் எடுத்தது. கணக்கெடுக்க ஆளில்லாத கரையில் இத்தனை சாவும் மணலோடு மறைந்திருக்கும்.

இதற்காக மீனவர்களை வில்லனாக்கிவிடக் கூடாது. பிழைப்புக்காகக் கடலில் இறங்குகிறவர்கள் அவர்கள். நீலாங்கரையில் 2002-ல் தொடங்கிய ட்ரீ பவுண்டேஷன், மீனவ இளைஞர்களையே ஆமைகளின் காவலர்களாக்கியிருக்கிறது. மீனை நிறுத்திக்கொண்டு ஆமையை மட்டும் வெளியேவிடும் வழி வைத்த வலைகளும் உண்டு. மீனும் கொஞ்சம் நழுவிவிடுமோ என்ற கவலை மீனவருக்கு இருக்கத்தானே செய்யும்? அந்தக் கவலைக்கும் சேர்த்தே வழி காண வேண்டும்.

நாம் செய்யக்கூடியது என்ன? சென்னை வாசிகள் பருவத்தில் ஓர் இரவு இந்த மாணவர்களோடு நடக்கலாம். வார இறுதியில் பொதுமக்களையும் அழைத்துச் செல்கிறார்கள். குழந்தைகளையும் கூட்டிப் போங்கள். டார்ச் அடிக்காதீர்கள், பேச்சைக் குறையுங்கள், ஆமையைத் தொடாதீர்கள். கடற்கரையில் வீடுள்ளவர்கள், கடலைப் பார்த்த விளக்கை அந்த மாதங்களில் அணைத்து வையுங்கள்.

முத்தாண்டிக்குப்பத்துச் சகோதரிக்கு இரவு நடை வேண்டாம். கடைக்குப் போகும்போது ஒரு துணிப்பை போதும். வாய்க்காலில் விழாத ஒவ்வொரு பையும், வங்கக் கடலில் ஒரு தாயின் வாயில் போகாத பைதானே?