கிழக்குக் கடற்கரைச் சாலையில் குடும்பத்தோடு: எங்கே திரும்புவது, எப்போது திரும்புவது?

கிழக்குக் கடற்கரைச் சாலை என்று பெயர் இருப்பதால், வழி நெடுகக் கடல் கூடவே வரும் என்று நம்பித்தான் பல குடும்பங்கள் காரில் ஏறுகின்றன. சென்னையிலிருந்து ராமேஸ்வரம் வரை இந்தக் கரையோரமாகவே போனால் 600 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். அவ்வளவு தூரத்தில், காரில் உட்கார்ந்தபடியே அலையைப் பார்க்கக் கிடைப்பது சில இடங்களில்தான். மற்றபடி சவுக்குத் தோப்பு, உப்பளம், வயல், இறால் பண்ணை, கடைத்தெரு. கடல் எங்கோ கிழக்கே ஒதுங்கியிருக்கும். தெற்கே போகும்போது இடப்பக்கம் பிரிகிற சின்னச் சின்னச் சாலைகள்தான் நம்மைக் கடலிடம் கொண்டுபோய் விடும். அதனால் கிலோமீட்டர் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எங்கெங்கே இடப்பக்கம் திரும்புவது, எந்த நேரத்தில் திரும்புவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

நேரத்தைச் சூரியன்தான் தீர்மானிக்கிறது. கிழக்குக் கரையில் சூரியன் கடலில் உதிக்கும், ஊர்ப்பக்கம் மறையும். காலை ஆறு மணி முதல் எட்டரை வரை கடற்கரை அருமையாக இருக்கும். பத்து மணிக்கு மேல் மணல் சுடத் தொடங்கிவிடும், நிழலும் இருக்காது. பிற்பகலில் கடற்காற்று உள்ளே வந்து, நாலரைக்கு மேல் மறுபடி காலாற நடக்கலாம். நடுப்பகலில் கோயிலுக்குப் போகலாம் என்றால் அதுவும் முடியாது. பெரும்பாலான கோயில்களில் பன்னிரண்டு மணிக்கு நடை சாத்தினால் மாலை நான்கு, ஐந்து மணிக்குத்தான் திறப்பார்கள். ஆகவே காலையில் கடல், நடுப்பகலில் பயணம், மாலையில் கோயில் அல்லது கடைத்தெரு என்று ஒவ்வொரு நாளையும் அமைத்துக்கொண்டால் குழந்தைகளும் வாடமாட்டார்கள், பெரியவர்களும் களைக்கமாட்டார்கள். இன்னொன்றும் கவனியுங்கள்: தெற்கே போகும் காரில் காலையில் இடப்பக்கச் சன்னலிலும், பிற்பகலில் வலப்பக்கச் சன்னலிலும் வெயில் அடிக்கும். பாட்டியையும் கைக்குழந்தையையும் அதற்கேற்ப இடம் மாற்றி உட்கார வையுங்கள்.

எந்த மாதம் போவது? தையும் மாசியும்தான் இந்தக் கரைக்குச் சிறந்த மாதங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், ஏரியும் கழிமுகமும் நீர் நிறைந்திருக்கும், பறவைகள் வந்திருக்கும். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் பாதி வரை புயலும் கனமழையும் வரும் காலம்; கடலூரும் நாகப்பட்டினமும் அதை வருஷா வருஷம் அனுபவிக்கின்றன. ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள வீட்டில் விடுமுறை பார்த்துத்தானே கிளம்ப முடியும்! அரையாண்டு விடுமுறை என்றால் கிறிஸ்துமஸ் முடிந்ததும் கிளம்பலாம். வேளாங்கண்ணியைக் கிறிஸ்துமஸ் நாளிலும் புதுச்சேரியைப் புத்தாண்டு இரவிலும் தவிர்த்துவிடுங்கள். காணும் பொங்கலன்று எந்தக் கடற்கரையும் வேண்டாம். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. ஆடி அமாவாசை, தை அமாவாசையில் ராமேஸ்வரத்தில் நிற்க இடமிருக்காது. கோடை விடுமுறையில் போவதானால் புதுச்சேரியோடு திரும்பிவிடுவதே நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் வேறு. அப்போது நாட்டுப்படகு மீன் மட்டுமே கரைக்கு வரும், விலையும் ஏறியிருக்கும்.

முதல் நாள், சென்னையிலிருந்து புதுச்சேரி. சுமார் 150 கிலோமீட்டர். முட்டுக்காட்டில் படகு, தட்சிணசித்ராவில் பழைய வீடுகள், வடநெம்மேலியில் முதலைப் பண்ணை, மாமல்லபுரம், அப்பால் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டை என்று வழியில் எத்தனையோ இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க நினைத்தால் ஒன்றையும் பார்த்ததாக இராது. சென்னைக் குடும்பமாக இருந்தால் இவற்றை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மாமல்லபுரத்தை மட்டும் காலையில் பார்த்துவிட்டு நகரலாம். முதலைப் பண்ணைக்குத் திங்கள், தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய் விடுமுறை. கடப்பாக்கத்தில் இடப்பக்கம் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. இடிந்த மதிலும், அதன் காலடியில் கழிமுகமும், எதிரே மணல்திட்டும் சேர்ந்து அந்த வழியில் மனத்துக்கு மிகவும் பிடித்த இடமாக ஆகிவிடும். மாலையில் போங்கள். மரக்காணம் உப்பளங்களைத் தாண்டும்போது வண்டியை ஓரம் கட்டி, உப்பு எப்படி விளைகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பாத்தியில் கடல்நீரைக் கட்டி, வெயிலில் வற்றவிட்டு, வெள்ளையாகப் படிந்ததை வாரிக் குவிக்கிறார்கள். நேரில் பார்த்த பிள்ளைக்கு அது மறக்காது.

இரண்டாம் நாள்தான் பயணத்தின் உயிர்நாடி. புதுச்சேரியிலிருந்து ஆறு மணிக்கே கிளம்பிவிட்டால் கடலூர் வழியாக எட்டரைக்குள் பிச்சாவரம் சேரலாம். சிதம்பரத்துக்குக் கிழக்கே கிள்ளையை ஒட்டிய அலையாத்திக் காடு இது. சுரபுன்னை மரங்கள் வளைந்த வேர்களைச் சேற்றில் ஊன்றி நிற்கும். தண்ணீரில் உப்பு ஏறி இறங்கினாலும், சேற்றில் காற்றே இல்லாவிட்டாலும் அந்த வேர்கள் சமாளித்துக்கொள்ளும். வெண்கண்டல் மரத்தைப் பார்த்தால் சேற்றிலிருந்து குச்சி குச்சியாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சு வேர்கள் தெரியும். 2004 டிசம்பர் சுனாமியின்போது இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளில் அலையின் வேகம் குறைந்தது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். மோட்டார் படகு, துடுப்புப் படகு இரண்டும் உண்டு. துடுப்புப் படகையே எடுங்கள். கிளைகள் கூரைபோல் மூடிய குறுகலான கால்வாய்களுக்குள் அதுதான் போகும், சத்தமும் இல்லாததால் கொக்கும் மீன்கொத்தியும் பறந்துவிடாது. எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கி, குழந்தைகளுக்கு வார்களை நீங்களே இறுக்கிக் கட்டுங்கள்.

சிதம்பரத்தில் சாப்பாடு, பிறகு சீர்காழி வழியாகத் தரங்கம்பாடி. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1706-இல் இங்கே வந்திறங்கிய மதபோதகர் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டது இதே ஊரில்தான். கோட்டை, தேவாலயங்கள், பழைய ஆளுநர் மாளிகை, 1306-இல் எழுந்து கடல் அரிப்பில் பெரும்பகுதியை இழந்த மாசிலாமணிநாதர் கோயில் என எல்லாம் ஒரே தெருவும் அதன் முனையுமாக இருப்பதால் முட்டிவலி உள்ளவர்களும் மெல்ல நடந்தே பார்த்துவிடலாம். இரவு இங்கே தங்குவதையே நான் பரிந்துரைப்பேன். அறைகள் குறைவு, ஆனால் விடியலில் கோட்டை வாசலுக்கு நடந்து போகும் வசதி வேறெங்கும் இல்லை.

மூன்றாம் நாள் காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி. நாற்பது ஐம்பது கிலோமீட்டருக்குள் காரைக்கால் அம்மையார் கோயிலும் நாகூர் தர்காவும் வேளாங்கண்ணி மாதா கோயிலும் வந்துவிடுகின்றன. பிற்பகலில் வேதாரண்யம். 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்தவர்கள் உப்பு எடுத்த அகஸ்தியம்பள்ளி, கோடியக்கரைக்குப் போகும் வழியிலேயே இருக்கிறது. கோடியக்கரைச் சரணாலயத்தில் வெளிமான்கள் கூட்டமாக மேயும். மழைக்காலம் தொடங்கிய பின் பூநாரைகள் சதுப்பில் இறங்கியிருக்கும். அவற்றை அருகில் பார்க்க முடியாது, இருநோக்கி ஒன்று கையில் இருக்கட்டும். இரவு இந்தப் பக்கமே தங்கிக்கொள்ளுங்கள். கரை இங்கே முனையாகித் திரும்புகிறது.

அந்தத் திருப்பத்தைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அதற்கு வடக்கே இருக்கும் கடல் வேறு, தெற்கே இருக்கும் கடல் வேறு. வடக்கே திறந்த வங்கக் கடல். கரையிலிருந்து சில அடிகளிலேயே ஆழம் விழும், அலை உடையும் வேகமும் அதிகம். அலைகள் கரைக்குத் தள்ளிய தண்ணீர் ஏதாவது ஓர் இடுக்கைப் பிடித்துக் கடலுக்குத் திரும்பும். அதுதான் ஆளை உள்ளே கொண்டுபோகும் இழுப்பு. இரண்டு பக்கமும் அலை நுரைத்து உடைய, நடுவில் மட்டும் நீர் அமைதியாகத் தெரியும் இடம் பெரும்பாலும் இந்த இழுப்பு ஓடும் தடம். அமைதியாக இருக்கிறதே என்று அங்கே இறங்குகிறவர்கள்தான் சிக்குகிறார்கள். சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து விலகி, அப்புறம் கரைக்குத் திரும்ப வேண்டும். மாமல்லபுரம் முதல் வேளாங்கண்ணி வரை பிள்ளைகள் கணுக்கால் நனைப்பதோடு நிற்கட்டும். உள்ளூர் மீனவர் ஒருவர் "இங்க இறங்காதீங்க" என்று சொன்னால் அதற்கு மேல் பேச்சே வேண்டாம்.

கோடியக்கரைக்குத் தெற்கே பாக் நீரிணையும் பாக் விரிகுடாவும். இலங்கை மறைத்து நிற்பதால் ஆழம் குறைந்த, பெரும்பாலும் அலையற்ற கடல் அது. ஆனால் வாடைக்காற்று வீசும் மாதங்களில் அதுவும் கொந்தளிக்கும். கரை பல இடங்களில் சேறாகவும் இருக்கும்.

நான்காம் நாள் நீண்ட நாள், சுமார் 250 கிலோமீட்டர். போகும் வழியில் இந்த ஒரு நாளைத் தவிர வேறெந்த நாளும் 150 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டியதில்லை. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் கடந்ததும் சேதுபாவாசத்திரம் பக்கம் இடப்புறம் மனோரா. நெப்போலியன் தோற்ற செய்தியைக் கொண்டாடத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி எழுப்பிய எட்டடுக்குக் கோபுரம், தென்னந்தோப்புக்கு நடுவே கடலோரம் நிற்கிறது. அதன் எதிரே விரிந்திருக்கும் கடலடிப் புல்வெளியை நம்பித்தான் கடற்பசு வாழ்கிறது. 2022-இல் தமிழக அரசு இந்தப் பகுதியைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. கரையிலிருந்து அதைக் காண்பது அரிது, ஆனாலும் அது அங்கே மேய்கிறது என்று தெரிந்து பார்த்தால் கடலே வேறாகத் தோன்றும். பிறகு மணமேல்குடி, மீமிசல், தொண்டி. இந்தப் பட்டினங்களில் வாகனம் குறைவு, சாலை நேர். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களைப் பார்த்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே பாம்பனை அடைந்துவிடுங்கள். 1988-இல் திறந்த சாலைப் பாலத்தின் மேலிருந்து, 1914-இன் பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலம் பக்கத்தில் தெரியும். பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தாதீர்கள்.

ஐந்தாம் நாள் விடியலில் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் ஊரையும் ஓடிக்கொண்டிருந்த ரயிலையும் விழுங்கிய இடம். இடிந்த தேவாலயச் சுவர்களுக்குள் பிள்ளைகள் ஓடுவதற்கு முன் அங்கே என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். 2017 முதல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. வலப்பக்கம் மன்னார் வளைகுடா, இடப்பக்கம் பாக் விரிகுடா. மீனவர்கள் முன்னதை ஆண்கடல் என்றும் பின்னதைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். முனையில் இரண்டும் சேருமிடத்தில் யாரும் குளிக்க இறங்கவே கூடாது. மாலைக்குப் பிறகு வண்டிகளை உள்ளே விடமாட்டார்கள்.

திரும்பும்போது அதே கரையில் வராதீர்கள். ராமநாதபுரம், தேவகோட்டை, காரைக்குடி, புதுக்கோட்டை வழியாகத் திருச்சி வந்து, அங்கே ஓர் இரவு தங்கி, நான்கு வழிச்சாலையில் சென்னை திரும்புங்கள்.

வண்டிக்கும் சில ஏற்பாடுகள் தேவை. இந்தச் சாலை ஊர்களுக்கு நடுவே ஓடுகிறது. ஆடு, சைக்கிள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், முந்தத் துடிக்கும் பேருந்துகள் என எல்லாம் குறுக்கே வரும். டெல்டாவில் அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும். இருட்டியபின் அந்தக் குவியலும் ஓரத்துக் கல்லும் கண்ணில் படாது. இரவு ஏழு மணிக்கு மேல் ஓட்டுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். காரை மணலில் இறக்காதீர்கள், சக்கரம் புதைந்தால் டிராக்டர்தான் வர வேண்டும். வீடு திரும்பியதும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள், உப்பு இரும்பைத் தின்னும். டிக்கியில் இருபது லிட்டர் கேன் ஒன்றில் தண்ணீர், கால் துடைக்கப் பழைய துண்டு, மாற்றுடை, ஆளுக்கொரு தொப்பி இருக்கட்டும். சுத்தமான கழிப்பறைக்குப் பெரிய ஊர்களின் உணவகங்களை நம்புங்கள், கடற்கரையில் தேடாதீர்கள். தொண்டிப் பக்கத்துச் சிற்றூர்களில் மூன்று மணிக்கு மேல் சாப்பாடு தீர்ந்துவிடும். புதுச்சேரியிலோ காரைக்காலிலோ வாங்கிய மதுப்புட்டிகள் எல்லைச் சோதனையில் மாட்டும், குடும்பத்தோடு போகும்போது அந்த வம்பே வேண்டாம்.

கடைசியாக, அறைகள். புதுச்சேரியிலும் ராமேஸ்வரத்திலும் திருநாட்கள் தவிர எங்காவது இடம் கிடைத்துவிடும். தரங்கம்பாடியிலும் கோடியக்கரைப் பக்கத்திலும் அப்படிக் கிடைக்காது. பயணத் தேதி முடிவானதும் அந்த இரண்டு இரவுகளுக்கான அறைகளை முதலில் பதிவு செய்துவிட்டு, மற்ற ஏற்பாடுகளைத் தொடங்குங்கள்.