ஆடி மழையில் ஆவணிப் பத்திரிகை

ஆடியில் கல்யாணம் இல்லை. ஆனால் ஆவணி முகூர்த்தத்துக்கான பத்திரிகைகள் ஆடியில்தான் அச்சேற வேண்டும். மும்பையின் மாட்டுங்கா, செம்பூர் தமிழ்க் குடும்பங்களுக்குப் பத்திரிகை அடித்துத் தரும் அச்சகங்களுக்கு அது சோதனைக் காலம். ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் ஊர் மும்பை. அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கே மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடும். காகிதத்துக்கு ஈரம் ஆகாது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் காகிதத்தில் அச்சடிக்கும் ஆஃப்செட் இயந்திரம் தண்ணீர் இல்லாமல் ஓடவே ஓடாது. உள்ளே இருக்கும் தண்ணீரை அளந்து விட்டு, வெளியே இருக்கும் தண்ணீரை அண்டவிடாமல் பார்த்துக்கொள்பவருக்கு அச்சகத்தில் பெயர் ‘மிஷின்மேன்’.

சலவைக் கணக்கில் பிறந்த தொழில்

ஜெர்மனியின் மியூனிக் நகரில் அலோய்ஸ் செனெஃபெல்டர் என்றொரு நாடக ஆசிரியர் இருந்தார். தன் நாடகங்களை அச்சிடக் கையில் காசில்லை. தானே அச்சடிக்க வழி தேடிக் கல்லையும் மையையும் வைத்துப் பல சோதனைகள் செய்துகொண்டிருந்தார். 1796-இல் ஒருநாள், வெளுக்கப் போடும் துணிகளின் கணக்கை எழுதச் சொன்னார் அம்மா. காகிதம் கைக்கு அகப்படவில்லை. பக்கத்தில் கிடந்த சுண்ணாம்புக் கல்லில் மெழுகு கலந்த மையால் எழுதி வைத்தார். அதைத் தொடர்ந்து செய்த சோதனைகளில், எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்கிற ஒரே உண்மையை வைத்து அச்சடிக்கலாம் என்று கண்டுகொண்டார். கல்லச்சு பிறந்தது.

நூறாண்டு கழித்து அந்தக் கல்லச்சு மும்பைக்கும் பெயர் வாங்கித் தந்தது. ராஜா ரவி வர்மா தன் ஓவியங்களைப் பிரதியெடுக்க 1894-இல் அச்சகம் தொடங்கியது இங்கேதான். ஃபிரிட்ஸ் ஷ்லெய்ஷர் என்ற ஜெர்மானிய வல்லுநர் அங்கே பணியாற்றினார். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல் வைத்து அச்சிட்ட லட்சுமியும் சரஸ்வதியும் நம் பூஜையறைகளுக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

1904-இல் அமெரிக்காவில் ஐரா ரூபெல் என்பவரின் அச்சகத்தில் ஒரு தவறு நேர்ந்தது. இயந்திரத்துக்குள் ஒரு தாள் போகாமல் நின்றுவிட, தாளில் விழ வேண்டிய மை அடியிலிருந்த ரப்பரில் விழுந்தது. அடுத்த தாளின் பின்பக்கத்தில் அந்த ரப்பர் பதித்த எழுத்து, முன்பக்க எழுத்தைவிடத் துல்லியமாக இருந்தது. ரப்பர் வளைந்து கொடுத்துக் காகிதத்தின் சொரசொரப்புக்குள் எல்லாம் இறங்குகிறது அல்லவா! நேராகப் பதிக்காமல் ரப்பர் வழியாகப் பதிக்கும் ஆஃப்செட் அச்சு இப்படி வேரூன்றியது.

மூன்று உருளைகள்

இயந்திரத்துக்குள் மூன்று உருளைகள் உண்டு. ஒன்றில் மெல்லிய அலுமினியத் தகடு, அதுதான் பிளேட். அடுத்ததில் ரப்பர் விரிப்பு, அது பிளாங்கெட். மூன்றாவது, காகிதத்தைப் பிளாங்கெட்டோடு அழுத்திக் கொடுப்பது.

ஈய எழுத்தைப் போல ஆஃப்செட் பிளேட்டில் மேடு பள்ளம் இல்லை. கையால் தடவினால் வழவழவென்றுதான் இருக்கும். எழுத்தும் படமும் உள்ள இடம் எண்ணெயை ஏற்கும், வெற்றிடம் தண்ணீரை ஏற்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஈர உருளை முதலில் பிளேட்டை நனைக்கும். பின்னாலேயே மை உருளை வரும். எண்ணெய் கலந்த மை, நனைந்த இடத்தில் ஒட்டாமல் எழுத்தில் மட்டும் ஒட்டும். அங்கிருந்து ரப்பருக்குத் தாவி, ரப்பரிலிருந்து காகிதத்தில் இறங்கும். இரண்டு முறை இடம் மாறுவதால் பிளேட்டில் எழுத்து நேராகவே இருக்கும். இடவலம் மாறிய எழுத்தைச் சரளமாகப் படித்த, ஈய எழுத்துக் கோத்த பழைய கம்பாசிட்டரின் வித்தை இங்கே தேவைப்படாது.

இந்தத் தண்ணீர் வெறும் குழாய்த் தண்ணீர் அல்ல. லேசான அமிலமும், கருவேல மரத்தின் இனத்தைச் சேர்ந்த மரத்துப் பிசினும், பல அச்சகங்களில் ஆல்கஹாலும் கலந்த கரைசல். அது குறைந்தால் வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் மை பூசிக்கொள்ளும். கூடினால் மை வெளுக்கும், காயவும் மறுக்கும். தேர்ந்த மிஷின்மேன் பிளேட்டின் பளபளப்பைப் பார்த்தே ஈரத்தை அளப்பார். மை உருளைகள் எழுப்பும் சளசளப்பைக் கேட்டே மை கூடுதலா குறைவா என்று சொல்லிவிடுவார். அப்படியும் அவ்வப்போது ஒரு தாளை உருவி, லென்ஸ் வைத்துப் பார்க்காமல் விடமாட்டார்.

பிள்ளையாருக்கு இரண்டு தும்பிக்கை

பத்திரிகையின் உச்சியில் வண்ணப் பிள்ளையார் இருக்கிறார். அவர் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளின் நுண்புள்ளிகளால் ஆனவர். பெரிய இயந்திரத்தில் நான்கு வண்ணமும் ஒரே ஓட்டத்தில் விழும். தொழிற்பேட்டையில் ஒரு காலாவுக்குள் (சிறு பட்டறை அறையை மும்பையில் அப்படித்தான் சொல்வார்கள்) ஒற்றை வண்ண இயந்திரம் வைத்திருப்பவரோ அதே தாளை நான்கு முறை ஓட்ட வேண்டும். ஒரு வண்ணம் காய்ந்து அடுத்த வண்ணம் ஏறுவதற்குள் காகிதம் மழைக்காற்றைக் குடித்துவிடும்.

காகிதம் மர நார்களால் ஆனது. ஈரம் பட்டால் நார் நீளத்தில் அதிகம் வளராது, அகலத்தில்தான் உப்பும். அதனால் தாள் நாரோட்டத்துக்குக் குறுக்கே விரியும். 700 மில்லிமீட்டர் தாள் ஆயிரத்தில் ஒரு பங்கு விரிந்தாலே 0.7 மில்லிமீட்டர் ஆயிற்று. அங்குலத்துக்கு 150 வரிசை என்று விழும் புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரமோ 0.17 மில்லிமீட்டர்தான். நான்கு புள்ளி தள்ளிப்போய் அடுத்த வண்ணம் விழுந்தால், பிள்ளையாருக்கு இரண்டாவது தும்பிக்கை முளைத்துவிடும். அச்சக மொழியில் ‘ரிஜிஸ்டர் அவுட்’.

இதற்கு மிஷின்மேனிடம் உள்ள மருந்துகள் எளியவை. காகிதக் கட்டை வந்த உடனே பிரிக்கமாட்டார். உறையோடு ஓரிரு நாள் இயந்திரத்துக்கு அருகிலேயே வைத்து அறையின் சூட்டுக்குப் பழக்குவார். ஒரு வண்ணம் முடிந்ததும் அடுக்கை பிளாஸ்டிக் தாளால் மூடிவைப்பார். ஈரமான மை மேலே உள்ள தாளின் முதுகில் ஒட்டாதிருக்க, இயந்திரம் மாவுத்தூளைத் தெளிக்கும். தாராவியில் தைக்கும் தோல் பைகளுக்கான அட்டைப்பெட்டியை ஆஃப்செட்டில் அடித்தாலும் இதே மருந்துதான்.

நாரோட்டத்தை நீங்களும் பார்க்கலாம். செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழியுங்கள். கோடு போட்டதுபோல் நேராகப் போகும். குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாக ஓடும். அப்படியே வண்ணப் பக்கத்தின் அடியில் நான்கு வண்ணப் புள்ளிகளோ கட்டங்களோ இருக்கின்றனவா என்று தேடுங்கள். அவை மிஷின்மேனுக்கான அடையாளங்கள்.

பிறகு அலமாரியில் கிடக்கும் பழைய ஆவணிப் பத்திரிகை ஒன்றை எடுத்து, மஞ்சள் தடவிய மூலையை விட்டுவிட்டு, தும்பிக்கையின் விளிம்பில் லென்ஸை வையுங்கள். ஓரத்தில் சிவப்போ நீலமோ எட்டிப்பார்க்கவில்லையா? அது அச்சான வாரத்தில் மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றிருக்கலாம். அந்தத் தாள் அடுக்குக்குள் ஒரு சொட்டும் போகவில்லை.