பதிய வேண்டியவையும் பதியக் கூடாதவையும்

இருவர் சேர்ந்து ஓர் இணையச் செயலியை எழுதத் தொடங்கினால், எந்த வரியை யார், எப்போது மாற்றினார் என்னும் கேள்வி விரைவிலேயே எழுகிறது. அதற்கு விடை வைத்திருப்பது பதிப்பு மேலாண்மை. இன்று பரவலாக வழங்கும் ‘கிட்’ என்னும் கருவியை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டில் உருவாக்கினார். பைத்தான் மொழியில் அமைந்த ‘ஜாங்கோ’ என்னும் இணையச் சட்டகம் பொதுப் பயன்பாட்டுக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். இவ்விரண்டையும் சேர்த்துக் கையாளும்போது, எதைப் பதிவது, எதை விடுவது என்பதில் நாம் முதலில் தெளிவு பெற வேண்டும்.

ஜாங்கோவில் புதிய திட்டத்தைத் தொடங்கியதும், அமைப்புக் கோப்பில் ஓர் இரகசியத் திறவுகோல் தானாகவே எழுதப்படுகிறது. கடவுச்சொல்லை மீட்டமைக்கும் இணைப்புகள் போன்றவற்றுக்கு முத்திரையிடுவது அதுவே. கோப்புறையை அப்படியே பதிந்தால் திறவுகோலும் உடன் பதிவாகிவிடும். பின்னர் அவ்வரியை அழித்துப் பயனில்லை. பழையவற்றைக் காப்பதற்கென்றே பிறந்த கருவி அதனையும் காத்து வைத்திருக்கும். ஆகவே திறவுகோலைக் கோப்புக்கு வெளியே, சூழல் மாறியில் வைப்பதே முறை. அது வெளிப்பட்டுவிட்டால் புதிய திறவுகோல் இடுவதே முதல் வேலை. வரலாற்றைத் திருத்துவது பிறகுதான்.

தரவுத்தள மாற்றக் கோப்புகளின் நிலை இதற்கு நேர்மாறானது. ஜாங்கோவே அவற்றை எழுதித் தருவதால், வேண்டும்போது மீண்டும் பெறலாம் என எண்ணிச் சிலர் பதியாமல் விடுகின்றனர். இது தவறு. அட்டவணைகள் எந்த வரிசையில் மாறி வந்தன என்பதற்கு அவையே சான்று. ஒவ்வொருவரும் தத்தம் கணினியில் தனித்தனியே அவற்றை உருவாக்கினால், ஒருவரது தரவுத்தளம் மற்றவரது நிரலோடு பொருந்தாமற் போகும்.

இரு கிளைகளில் இருவர் மூன்றாம் எண்ணுடைய மாற்றக் கோப்பை ஆளுக்கொன்றாக எழுதிவிட்டால் என்ன ஆகும்? கோப்புகளின் பெயர்கள் வேறாயிருந்தால் கிட் எந்த முரணையும் காணாது. கிளைகள் அமைதியாக இணைந்துவிடும். தரவுத்தளத்தை மாற்ற முனையும்போதுதான், தொடர் இரண்டாகப் பிரிந்து நிற்கிறதென ஜாங்கோ மறுக்கும். இரண்டையும் பிணைக்கும் நான்காம் கோப்பை அதனிடமே கேட்டுப் பெறலாம். எனினும் இருவரும் ஒரே புலத்தைத் தொட்டிருந்தால், அப்பிணைப்பைப் படித்துப் பாராமல் ஏற்பது தகாது.

சோதனைக்கான தரவுத்தளக் கோப்பு, பயனர்கள் பதிவேற்றிய படங்கள் முதலியவற்றை விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடலாம். ஏற்கெனவே பதிவான கோப்பின்மீது அப்பட்டியல் செல்லாது. எனவே முதற்பதிவுக்கு முன்பே அதனை எழுதிவிடுதல் வேண்டும்.