தலைவியும் தமரும்

நாவலின் தலைவி எல்லார்க்கும் இனியவளாதல் வேண்டுமோ? ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரின் இவ்வினாவுக்குத் தம் இல்லத்தாரிடமே பல விடைகள் பெற்றார். 1814இல் வெளிவந்த 'மான்ஸ்பீல்ட் பார்க்' பற்றி உற்றாரும் நண்பரும் கூறியவற்றை ஒளியாது எழுதிவைத்தார். அதன் தலைவி ஃபனி சுவையற்றவள் என்றார் தாயார். அவளைப் பொறுக்கவே இயலவில்லை என்றாள் தமையனின் மகள் ஆனா. மருமக்கள் இருவருள் எட்வேட் அவளை வியந்தான், ஜோர்ஜ் வெறுத்தான்.

தம்மையன்றி வேறெவரும் பெரிதும் விரும்பாத தலைவியொருத்தியைப் படைக்கப்போவதாகக் கூறியே அவர் 'எம்மா'வை எழுதத் தொடங்கினார். 1815 டிசெம்பரில் அது வெளிவந்தது. இம்முறை மற்றொரு மருமகள் எம்மாவைப் பொறுக்கவில்லை.

நெறி பிறழாதவளும் பழிக்கப்பட்டாள். செருக்கால் பிழைத்துப் பின் திருந்தியவளும் பழிக்கப்பட்டாள். எனவே, அனைவரையும் உவப்பிக்க முயல்வது வீண். தமர் சொல்லைச் செவிமடுத்தும் தம் உள்ளக் கருத்தினின்று வழுவாமையே அவ்வம்மையாரின் துணிவு. எழுத விழையும் நம் மாணவர் இதனை உளங்கொள்வாராக.