பனியில் பிறந்த வசந்தம்

பூந்தமல்லிக்காரர் ஒருவரிடம் வசந்த காலம் எப்போது என்று கேட்டுப் பாருங்கள், சிரிப்பார். இத்தனைக்கும் ஊரின் பெயரிலேயே பூ இருக்கிறது. பூவிருந்தவல்லி! திருக்கச்சி நம்பிகள் இங்கே நந்தவனம் வைத்து, காஞ்சி வரதனுக்கு மாலை சுமந்து சென்றார் என்பது வழிவழியாக வரும் வரலாறு. ஆயினும் இளவேனில் என்று ஏடுகள் சொல்லும் சித்திரை, வைகாசியில், பூந்தமல்லி முதல் ஆவடி, அம்பத்தூர் வரை நடப்பது அக்னி நட்சத்திரத்தின் ராஜ்யம்தான்.

எனவே, ஜெர்மானிய மேதை ராபர்ட் ஷூமான் இயற்றிய 'வசந்த ஸிம்பனி'யைக் கேட்கும் நம்மவருக்கு, இத்தனை ஆரவாரம் எதற்கு என்று முதலில் தோன்றக் கூடும். அதை அவர் எழுதியபோது வெளியே வசந்தமே இல்லை என்பது தெரிந்தால் விஷயம் விளங்கும். எழுதியது 1841 ஜனவரியில். லைப்ஸிக் நகரின் நடுக் குளிரில்!

நான்கே நாட்கள்

ஷூமானுக்கு அப்போது வயது முப்பது. விரல் கெட்டுப் போனதால் பியானோ வித்வானாகும் ஆசையைக் கைவிட்டவர். தம் குருநாதர் வீக் என்பவரின் மகள் கிளாராவைக் காதலித்தார். தகப்பனார் சம்மதிக்கவில்லை. 'குடிகாரன்' என்று கூடப் பழி சுமத்தினார். வழக்கு நீதிமன்றம் ஏறியது. காதலர்கள் வென்றனர். 1840 செப்டம்பர் 12-இல், கிளாராவின் இருபத்தொன்றாம் பிறந்த நாளுக்கு முதல் நாள், விவாகம் நடந்தது.

கிளாரா அம்மையார் ஐரோப்பா அறிந்த பியானோ கலைஞர். கணவர் பியானோவுக்கும் பாட்டுக்கும் எழுதியதோடு நின்றுவிடாமல், பெரிய வாத்திய கோஷ்டிக்கும் எழுத வேண்டும் என்று விடாமல் தூண்டியவர் அவரே. மணமான நான்காவது மாதம் அது பலித்தது. அடால்ப் பாட்கர் என்ற கவிஞரின் கவிதையில், பள்ளத்தாக்கில் வசந்தம் மலர்வதைச் சொல்லும் கடைசி அடி ஷூமானைப் பிடித்துக் கொண்டது. ஜனவரி 23 முதல் 26 வரை நான்கு நாட்களில் முழு ஸிம்பனிக்கும் உருவம் போட்டுவிட்டார்! வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதும் வேலை பிப்ரவரி 20-இல் முடிந்தது. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அரங்கேறிய 'வேலியண்ட்' ஸிம்பனியைத் தாம் 35 நாட்களில் எழுதியதாக இளையராஜா சொன்னபோது வியந்தோமல்லவா? ஏறக்குறைய அதே வேகம்.

இந்தத் தவிப்பு நமக்கும் புரியாததல்ல. 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்ததைப் பார்த்தவர்கள் நினைவுபடுத்திக் கொள்ளட்டும். குடமும் கையுமாகத் தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்த அந்த ஜூன் மாதத்தில், வானத்தில் ஒரு சிறு மேகம் கறுத்தாலும் மனம் எப்படித் துள்ளியது! மழைக்கு நாம் பார்த்த வழிதான், மாதக் கணக்கில் பனியில் முடங்கும் அந்நாட்டார் வசந்தத்துக்குப் பார்க்கும் வழி.

ஜலதோஷம் பிடித்த கொம்பு

கொம்பும் எக்காளமும் சேர்ந்து எழுப்பும் கூவலுடன் ஸிம்பனி தொடங்குகிறது. தாளத்தைக் கவனித்தால், பாட்கரின் அந்த அடியை வார்த்தை பிசகாமல் அதில் பொருத்திவிடலாம். ஸ்வரங்கள் மேஜர் ஸ்கேல், நம் சங்கராபரணமேதான். தீட்சிதர் வெள்ளைக்காரர் மெட்டுகளை ஒட்டி நோட்டு ஸ்வரங்கள் செய்ததும் அதே ராகத்தில் அல்லவா?

அந்தக் கூவலை ஷூமான் முதலில் சற்றுத் தணிந்த ஸ்வரத்தில் எழுதியிருந்தார். ஒத்திகையில் வந்தது வினை. அந்த வாத்தியங்களில் அப்போது வால்வு இல்லை. எல்லா ஸ்வரமும் தெளிவாகப் பேசாது. ஜலதோஷம் பிடித்த தொண்டை மாதிரி அடைத்துக் கொண்டு ஒலித்தது! வேறு வழியின்றி மூன்றாம் ஸ்வரத்துக்கு ஏற்றி எழுதினார். வால்வு வந்த பின்னர் மாலர் என்ற மேதை பழைய ஸ்வரத்தையே திரும்ப வைத்துப் பார்த்தார். ஏற்றி எழுதியதில்தான் விடியற்காலைக் கூவலின் உயிர் இருக்கிறது. ஒத்திகைச் சங்கடமும் சில வேளை நல்லது செய்கிறது!

1841 மார்ச் 31-இல் லைப்ஸிக்கின் கேவாண்ட்ஹவுஸ் மண்டபத்தில் அரங்கேற்றம். நடத்தியவர் மெண்டல்ஸன். மணமான பிறகு கிளாரா முதன்முதலாக மேடையேறியதும் அதே கச்சேரியில்தான். ரஸிகர்கள் மகிழ்ந்தனர்.

வசந்த ஆரம்பம், மாலை, குதூகலத் தோழர்கள், நிறை வசந்தம் என்று நான்கு பகுதிகளுக்கும் பெயர் வைத்திருந்த ஷூமான், அச்சேறும்போது எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். படத்தைக் காட்டிக் கதை சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம் என்று கருதினார் போலும். ஆனால் 1843-இல் பெர்லினில் இதை நடத்தவிருந்த டாபர்ட்டுக்குக் கடிதம் எழுதியபோது மனசு கேட்கவில்லை. வாத்தியக்காரர்களுக்குள் வசந்த ஏக்கத்தைக் கொஞ்சம் ஊதிவிடும்படி கேட்டுக் கொண்டார். முதல் கூவல் வானத்திலிருந்து வருவது போல் ஒலிக்க வேண்டுமாம். பிறகு பூமி மெல்லப் பச்சை பிடிக்க வேண்டுமாம். ஒரு வண்ணத்துப்பூச்சி கூடப் பறக்க வேண்டுமாம்!

அவருடைய வாழ்வில் வசந்தம் நீடிக்கவில்லை. சித்தம் கலங்கி, 1854 பிப்ரவரியில் ரைன் நதியில் குதித்தார். காப்பாற்றினார்கள். இரண்டு வருஷம் மனநோய் விடுதியில் இருந்து, 1856 ஜூலை 29-இல் காலமானார். அதன் பின் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த கிளாரா, கச்சேரி செய்து குழந்தைகளை வளர்த்தார். கணவரின் படைப்புகள் அனைத்தையும் அச்சுக்குத் திருத்திக் கொடுத்தவரும் அவரே; அவற்றுள், நான்கு நாட்களில் தம் கண்ணெதிரே உருவான அந்த ஸிம்பனியும் ஒன்று.