நேரலைக்கும் ஓர் உபயம்

ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் மலாக்காவின் ஆலோர் காஜா, ஜாசின் வட்டாரத் தோட்டங்களில் லயங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. பிள்ளைகள் பத்து பெரண்டாம், ஆயர் குரோ என்று பட்டணத்துப் பக்கம் போனார்கள். பலர் ஜொகூர், கோலாலம்பூர், சிங்கப்பூர் வரை. ஆனால் தோட்டத்து மாரியம்மனுக்குத் திருவிழா என்றால் மனம் அங்கேதான் போய் நிற்கிறது. வேலை, தூரம், உடல்நலம் என்று வர முடியாதவர்களுக்காக இளைஞர் எவராவது கைப்பேசியை உயர்த்திப் பிடித்து, தீமிதியை ஃபேஸ்புக்கிலோ யூடியூப்பிலோ நேரலையாக விடுகிறார். கோவிட் காலத்தில், 2021 தைப்பூசத்துக்குப் பக்தர்கள் கூட முடியாமல் போனபோதே வீட்டிலிருந்து கும்பிடுவது நமக்குப் பழகிவிட்டது.

சிறு வியாபாரிகள் இந்த நேரலையைக் கவனிக்க வேண்டும். 1996இல் தொடங்கிய ஆஸ்ட்ரோவின் வானவில் அலைவரிசை, மின்னல் எஃப்எம், தமிழ் நாளிதழ்கள் எல்லாமே நாடு முழுவதற்குமானவை. மஸ்ஜித் தானாவில் வீட்டிலேயே முறுக்குச் சுட்டு விற்கும் அம்மாவுக்கு அவ்வளவு பெரிய விளம்பரம் கட்டுப்படியாகாது. பெர்லிஸ் வரை அவர் பெயர் போகவும் தேவையில்லை. தோட்டத்துக் கோயில் நேரலையை இருநூறு பேர் பார்த்தாலும் அவர்கள் ஒரே ஊரோடு உறவு உள்ளவர்கள். தீபாவளிப் பலகாரம், கல்யாண மாலை, பந்தல், ஜாலான் பெண்டஹாராவில் சேலை என்று வாங்கப் போகிறவர்களும் அவர்களே.

பார்வை எண்ணிக்கையை நம்பி இறங்குவது வேறு கதை. யூடியூப்பில் நீளக் காணொலிகளைக் கொண்டு விளம்பர வருமானம் பெற 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அதன்பின் அவற்றின் விளம்பரப் பணத்தில் 55 விழுக்காடு படைப்பாளருக்கு. மலேசிய மக்களில் இந்தியர் 7 விழுக்காடுகூட இல்லை. தமிழில் மட்டும் பேசி இந்தப் பணத்தில் குடும்பம் நடத்துவது மிகக் கடினம். பேராக், சுங்கை சிப்புட்டில் தோட்டத்து வீட்டுச் சமையலைக் காட்டிய சுகு–பவித்ரா தம்பதியை 2020 மே மாதம் அன்றைய பிரதமர் முகிதீன் யாசின் தம் உரையிலேயே குறிப்பிட்டார். அவர்கள் பேசியது மலாயில். அதனால்தான் எல்லா இனத்து வீடுகளுக்குள்ளும் போக முடிந்தது. முறுக்கு சுடும் அம்மா தம் காணொலியில் தமிழிலேயே பேசட்டும், கீழே மலாய் எழுத்து ஓடட்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கோயில் ஒலிபெருக்கியில் எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டு இல்லாமல் திருவிழா ஏது? ஆனால் யூடியூப்பின் தானியங்கி முறை பாட்டைக் கண்டுபிடித்துவிட்டால், அந்தக் காணொலியின் விளம்பரப் பணம் பதிப்புரிமை வைத்திருக்கும் நிறுவனத்துக்குப் போகலாம். நேரலையே துண்டிக்கப்படவும் கூடும். உறுமி மேளமும் நாதஸ்வரமும் அங்கேயே நேரில் வாசிக்கப்படும்போது படம் பிடிப்பது நல்லது, கலைஞர்களிடம் சொல்லிவிட்டு. செம்பனைக் காட்டுக்குள் லைன் சரியாகக் கிடைக்காத இடங்களில், பதிவு செய்து மறுநாள் ஏற்றுவதே மேல்.

வழி நம் கோயில் வழக்கத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு நாள் திருவிழாவுக்கும் உபயக்காரர் இருக்கிறார். அவர் பெயரை ஒலிபெருக்கியில் சொல்கிறோம். நேரலைக்கும் அப்படியே ஓர் உபயம் வைக்கலாம். பூசைக்கு முன்பும் பின்பும் கடையின் பெயர், வாட்ஸ்அப் எண் திரையில் வரட்டும். கருவறை தெரியும் நேரத்தில் மட்டும் வேண்டாம், அது பக்தர்களுக்கு உரியது. பணம் நேராகக் கோயிலுக்கும் படம் பிடிக்கும் பிள்ளைக்கும் சேரும். வாடிக்கையாளரின் எண்கள் கடைக்காரரின் கையில் இருக்கும். நாளைக்கே தளம் விதியை மாற்றினாலும் அவை போகாது.

இப்படி விற்பவர்கள் எஸ்எஸ்எம் எனும் நிறுவன ஆணையத்தில் வணிகத்தைப் பதிந்துகொள்ள வேண்டும். உணவு தயாரிப்பவர்கள் டைஃபாய்டு தடுப்பூசியும் உணவு கையாளும் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். இணைய வருமானத்துக்கும் வரிக் கணக்கு உண்டு.

கோயில் நிர்வாகத்தினரே, அடுத்த திருவிழாவின் உபயப் பட்டியலில் நேரலைக்கென ஒரு வரி சேருங்கள். முதல் வாய்ப்பை உங்கள் தோட்டத்திலிருந்து போன வியாபாரிக்கே கொடுங்கள்.