சிலைபோல் நிற்கும் ஷூபில்: பலகை சொல்லும் அதிசயங்கள் தெரியுமா?

சிங்கப்பூரின் பேர்ட் பாரடைஸிலோ டோக்கியோவின் உயெனோ உயிரியல் பூங்காவிலோ ஷூபில் பறவையைப் பார்த்தால், படம் எடுத்துக்கொண்டு உடனே நகர்ந்துவிடாதீர்கள். பக்கத்தில் இருக்கும் பலகையை வரிவரியாகப் படியுங்கள். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஓர் ஆச்சரியம் இருக்கிறது!

அளவு: உயரம் 1.1 முதல் 1.4 மீட்டர். ஒரு சிறுவனின் உயரம்! இறக்கையை விரித்தால் 2.3 மீட்டருக்கும் மேல். இவ்வளவு பெரிய உடலின் எடையோ அதிகபட்சம் ஏறக்குறைய 7 கிலோதான் என்பது தெரியுமா?

உறவு: பார்த்தால் நாரை. நெடுங்காலம் அறிவியலாளர்களும் நாரைகளோடுதான் சேர்த்து வைத்திருந்தார்கள். மரபணுவை ஆராய்ந்தபோதோ, நெருங்கிய சொந்தம் கூழைக்கடா என்று தெரியவந்தது!

உணவு: பிடித்த இரை நுரையீரல் மீன். ஆப்பிரிக்கச் சதுப்பு நீரில் ஆக்சிஜன் குறைவு. அதனால் மூச்சு வாங்க அந்த மீன் மேலே வந்தே ஆகவேண்டும். அந்த நொடிக்காகத்தான் ஷூபில் அசையாமல் நிற்கிறது! மீன் தலைகாட்டியதும் உடல் முழுவதையும் முன்னால் வீசி விழுந்து, செடிகொடியோடு சேர்த்துக் கவ்விவிடும். பிறகு அலகின் கூரிய விளிம்புகளுக்கு இடையில் இரையை இறுக்கிக்கொண்டு, செடிகளை மட்டும் வெளியே தள்ளும். கெளுத்தி மீன், தண்ணீர்ப் பாம்பு, முதலைக் குஞ்சுகூடத் தப்பாது!

குரல்: பெரும்பாலும் மௌனம்தான். ஆனால் கூட்டில் துணையை வரவேற்கும்போது அலகுகளைப் படபடவென்று தட்டும். இயந்திரத் துப்பாக்கி சுடுகிறதோ என்று திடுக்கிட வைக்கும் சத்தம்!

வெயில்: உடல் சூட்டைத் தணிக்கத் தன் கால்களின் மீதே எச்சமிட்டுக்கொள்ளும். அந்த ஈரம் ஆவியாகும்போது காலில் ஓடும் இரத்தம் குளிர்கிறது. நாரைகளுக்கும் இந்த வித்தை தெரியும்!

முட்டை: பெரும்பாலும் இரண்டு. அடைகாப்பது என்றால் சூடாக்குவது மட்டும்தானா? ஷூபில் பெற்றோர் தங்கள் பெரிய அலகில் தண்ணீர் மொண்டு வந்து முட்டைகள் மேல் ஊற்றிக் குளிர்விக்கின்றன! அப்படிக் காத்தும், இரண்டு குஞ்சுகளில் வழக்கமாகப் பிழைப்பது ஒன்றுதான்.

பாதுகாப்பு நிலை: பலரும் படிக்காமல் விடும் வரி இது. முக்கியமான வரியும் இதுதான். ஷூபில் அழிவாய்ப்பு இனம். இயற்கையில் எஞ்சியிருக்கும் வளர்ந்த பறவைகள் 3,300 முதல் 5,300 வரைதான் என்பது மதிப்பீடு. தெற்கு சூடான், உகாண்டா, சாம்பியா போன்ற நாடுகளின் சதுப்புகளில் வாழ்கின்றன. சதுப்பை வடித்து நிலமாக்குவது, கால்நடைகள் கூட்டை மிதிப்பது, விற்பதற்காகக் குஞ்சுகளைத் திருடுவது என்று ஆபத்துகள் பல.

உயிரியல் பூங்காவில் வளர்த்துப் பெருக்கிவிட முடியாதா? அங்கே ஷூபில் குஞ்சு பொரித்த நிகழ்வுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்! 2008-இல் பெல்ஜியத்தின் பைரி டைசா, 2009-இல் அமெரிக்காவின் டாம்பா நகரப் பூங்கா என்று ஏதோ சில. ஆகவே சதுப்பு இருந்தால்தான் ஷூபில் இருக்கும். சாம்பியாவின் பங்வேலு சதுப்பில் உள்ளூர் மீனவர்களே கூடுகளுக்குக் காவலர்களாகிக் குஞ்சுகளைக் காக்கிறார்கள். இந்தப் பறவையைப் பார்த்து வியக்கும் ஒவ்வொருவரும் நன்றி சொல்ல வேண்டியது அவர்களுக்குத்தான்!